இறாலில் குளோரம்பெனிகால்: டி5 ஸ்டாண்டர்டை எப்போது, எவ்வளவு, எப்படிச் சேர்ப்பது

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபால் பக்கத்துக் குளத்து இறால் ஐரோப்பாவுக்குப் போக வேண்டுமென்றால், ஒரு கிலோ சதையில் குளோரம்பெனிகால் என்ற ஆன்டிபயாடிக் 0.15 மைக்ரோகிராமைத் தொடக்கூடாது. 2022 நவம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் எல்லை இது. அதற்கு முன் 0.3 ஆக இருந்தது. மலேசியாவிலும் உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களுக்கு இந்த மருந்து தடை. சோதனைக்கு நாம் நிறுத்து எடுக்கும் 5 கிராம் இறாலில் 0.15 என்பது வெறும் 0.75 நானோகிராம்.

இந்த 0.75 நானோகிராம் பிரித்தெடுக்கும்போது கொஞ்சம் சதையிலேயே தங்கிவிடும். கரைப்பானை ஆவியாக்கும்போது கொஞ்சம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். மீதி எல்.சி.எம்.எஸ்.எம்.எஸ். (கலவையைப் பிரித்து, நிறையை வைத்து அளக்கும்) கருவிக்குள் போய் அயனியாக மாறும் இடத்தில், இறாலின் கொழுப்பும் பாஸ்போலிப்பிடும் குறுக்கே நின்று சிக்னலைப் பாதியாக்கிவிடும். இதைத்தான் ஒடுக்கம் என்கிறோம். இதற்குத்தான் குளோரம்பெனிகால்-டி5: அதே மூலக்கூறு, ஐந்து ஹைட்ரஜனுக்குப் பதில் ஐந்து டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்), நிறை மட்டும் 5 கூடுதல். நிறுத்த இறாலில் முதல் வேலையாக இதைச் சேர்த்துவிட்டால், மருந்துக்கு ஏற்படும் இழப்பு இதற்கும் அதே விகிதத்தில் ஏற்படும். கருவி வரையும் கோட்டில் இரண்டும் எழுப்பும் முகட்டின் (பீக்) பரப்பை ஒன்றால் ஒன்று வகுத்தால் இழப்பு கணக்கிலிருந்து கழன்றுவிடும்.

டி5 ஒரு சாட்சி மாதிரி. தான் உள்ளே வந்த பிறகு நடந்ததற்கு மட்டும்தான் சாட்சி சொல்லும். அதற்கு முன்னால் நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இதை மறந்ததால் வருபவை.

வாங்கும்போது சான்றிதழில் என்ன பார்ப்பது

விலையைப் பார்க்கும் முன் சான்றிதழைக் கேளுங்கள். அதில் மூன்று விஷயம் முக்கியம்: அடையாள அணுக்கள் மூலக்கூறில் எங்கே இருக்கின்றன, டியூட்டீரியம் எத்தனை சதவீதம், அடையாளமே இல்லாத டி0 எவ்வளவு கலந்திருக்கிறது.

'98% டியூட்டீரியம்' என்று போட்டிருந்தால் 2% சாதாரண மருந்து கலந்திருக்கிறது என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. ஐந்து இடத்திலும் 98% என்றால், ஐந்தும் டியூட்டீரியமாக இருக்கும் மூலக்கூறு சுமார் 90%, நான்கு மட்டும் இருப்பது சுமார் 9%. ஐந்திலுமே டியூட்டீரியம் இல்லாதது அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட பூஜ்யம். டி0 வருவது பெரும்பாலும் தயாரிப்பின்போது சாதாரணப் பொருள் கலப்பதால். அதனால் அந்த எண்ணைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், வந்தபின் நீங்களும் அளந்து பார்க்க வேண்டும்.

டி0 எவ்வளவு பாதிக்கும் என்பது நீங்கள் எவ்வளவு டி5 ஊற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டி0 0.5% என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் அளவில் டி5 சேர்த்தால், கூடவே வரும் சாதாரண மருந்து 0.0025. பரவாயில்லை. 'பீக் பெரிதாகத் தெரியட்டும்' என்று 10 மைக்ரோகிராம் அளவில் சேர்த்தால் 0.05 மைக்ரோகிராம் நீங்களே போட்டதாகிவிடும். எல்லையில் மூன்றில் ஒரு பங்கு! சுத்தமான இறாலும் சந்தேகத்துக்குரியதாகத் தெரியும். மறுபக்கம், மிகக் குறைவாகச் சேர்த்தால் டி5 பீக்கே இரைச்சலில் ஆடும், அந்த ஆட்டம் முடிவிலும் ஏறும். எல்லையைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேல், அதாவது 0.5, நல்ல இடம்.

டியூட்டீரியம் கார்பனோடு சேர்ந்திருக்க வேண்டும். ஓ.எச்., என்.எச். குழுக்களில் இருந்தால் தண்ணீரில் கலந்த நொடியே ஹைட்ரஜனோடு இடம் மாற்றிக்கொள்ளும். குளோரம்பெனிகால்-டி5இல் நான்கு பென்சீன் வளையத்திலும் ஒன்று அதற்கு அடுத்த கார்பனிலும் இருப்பது நல்ல அமைப்பு.

மலிவாக முடிக்க, டி5க்குப் பதில் தயாம்பெனிகாலை இன்டர்னல் ஸ்டாண்டர்டாக வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அது காலத்திலிருந்து (column, கருவியில் பொருள்களைப் பிரிக்கும் குழாய்) வேறு நேரத்தில் வெளியே வரும், அந்த நேரத்தில் வரும் ஒடுக்கமும் வேறு. போதாக்குறைக்கு அதுவே மீன், இறால் வளர்ப்பில் பயன்படும் மருந்து. குளத்திலேயே போட்டிருந்தால் உங்கள் அளவுகோல் மாதிரியிலிருந்தே வந்துவிடும்.

கரைசல்

டி5 பெரும்பாலும் அசிட்டோநைட்ரைலில் மி.லி.க்கு 100 மைக்ரோகிராம், 1 மி.லி. ஆம்பியூலாக வரும். உறைபெட்டியிலிருந்து எடுத்ததும் உடைக்காதீர்கள். பினாங்குக் காற்றில் குளிர்ந்த கண்ணாடியைத் திறந்தால் வாயெல்லாம் நீர் கோத்துவிடும். அரை மணி நேரம் மேசையில் வைத்து, வெளியே துடைத்து, அப்புறம் உடையுங்கள்.

100 மைக்ரோலிட்டரை எடுத்து அசிட்டோநைட்ரைலில் 10 மி.லி. ஆக்கினால் மி.லி.க்கு 1 மைக்ரோகிராம். அதில் 500 மைக்ரோலிட்டரை மறுபடி 10 மி.லி. ஆக்கினால் மி.லி.க்கு 50 நானோகிராம். இதுதான் வேலைக்கரைசல். ஒரு மாதிரிக்கு 50 மைக்ரோலிட்டர், அதாவது 2.5 நானோகிராம். 10 மி.லி.யில் 200 மாதிரி ஓடும். ஆம்பியூல் விலை வயிற்றைக் கலக்கினாலும், ஒரு மாதிரிக்கு வகுத்துப் பார்த்தால் எத்தில் அசிட்டேட்டின் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. சிக்கனம் என்று 50 மைக்ரோலிட்டரை 20 ஆக்கி, பைப்பெட் பிழையை ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

பழுப்புக் கண்ணாடிக் குப்பி, மைனஸ் 20 டிகிரி. குப்பியை மூடியோடு நிறுத்து எடையை லேபிளில் எழுதுங்கள். அடுத்த தடவை எடுக்கும்போது மறுபடி நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்திருந்தால் கரைப்பான் ஆவியாகியிருக்கிறது.

ஆவியானால் எது கெடும்? டி5 கரைசல் 2% கெட்டியாகியிருந்தாலும் அன்றைய கேலிப்ரேஷனுக்கும் (தெரிந்த அளவு மருந்து போட்ட ஒப்பீட்டுக் குழாய்கள்) மாதிரிக்கும் அதே குப்பியிலிருந்து அதே 50 மைக்ரோலிட்டர் போயிருந்தால் முடிவு மாறாது. டி5இன் சரியான செறிவு தெரிய வேண்டிய அவசியமே இல்லை, எல்லாக் குழாயிலும் ஒரே அளவாக இருந்தால் போதும். சாதாரண குளோரம்பெனிகால் கரைசல் 2% கெட்டியானால் எல்லா முடிவும் 2% குறைந்துவிடும். சுத்தம், எடை, கொள்ளளவு என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டியது அதைத்தான். தைப்பூச விடுமுறையில் ஏர்கான் அணைந்து அறை 31 டிகிரிக்குப் போயிருந்தால், குளிரும்வரை கொள்ளளவுக் குடுவையைத் தொடாதீர்கள். 22க்கும் 31க்கும் இடையில் அசிட்டோநைட்ரைல் 1%க்கு மேல் விரியும்.

ஓட்டத்தின் நடுவில் டி5 குப்பி தீர்ந்து, புதியதைத் திறந்தால், அங்கிருந்து கணக்கு உடைந்தது. காலையிலேயே எத்தனை குழாய் என்று எண்ணி, அந்த ஓட்டம் முழுவதற்கும் ஒரே குப்பி வையுங்கள்.

பிளாங்க் இறால்

கேலிப்ரேஷன் இறாலிலேயே போட வேண்டும். அதற்கு மருந்தே படாத இறால் தேவை. குளத்து இறாலை நம்ப முடியாது. மீனவர் இறங்குதுறையில் வலையில் பிடித்த கடல் இறாலை இரண்டு கிலோ வாங்கி, ஓடும் தலையும் நீக்கி, முதுகுக் குடலை உருவி, அரைத்து, முதலில் அதையே சோதியுங்கள். சுத்தமாக இருந்தால் 5 கிராம், 5 கிராமாக 50 மி.லி. பாலிப்ரோப்பிலீன் குழாய்களில் நிறுத்து உறைய வையுங்கள். ஒவ்வொரு ஓட்டத்தன்றும் காலையில் அரைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. குளோரம்பெனிகால் கண் சொட்டு மருந்து 0.5%, மி.லி.க்கு 5 மில்லிகிராம். ஒரு சொட்டு சுமார் 50 மைக்ரோலிட்டர் என்றால் அதில் 250 மைக்ரோகிராம். ஒன்றரை டன் இறாலை 0.15 எல்லைக்கு மேல் தள்ள அந்த ஒரு சொட்டு போதும். கண்ணில் சொட்டு விட்டுக்கொள்பவர் அன்று மாதிரி தயாரிக்கும் அறைக்குள் வரக்கூடாது, கையுறை போட்டிருந்தாலும் சரி. இந்த மாசை டி5 திருத்தாது. மருந்து மருந்துதான், எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது.

பிரித்தெடுப்பு

மாதிரியை 5.00 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள், 0.05 கூடலாம் குறையலாம். பிளாங்க் குழாய்களில் மி.லி.க்கு 10 நானோகிராம் சாதாரண மருந்துக் கரைசலை 25, 50, 75, 150 மைக்ரோலிட்டர் போட்டால் கிலோவுக்கு 0.05, 0.1, 0.15, 0.3 மைக்ரோகிராம் கிடைக்கும். மேல் புள்ளிகளுக்கு மி.லி.க்கு 100 நானோகிராம் கரைசலில் 30, 50 மைக்ரோலிட்டர்: 0.6, 1.0. இவற்றோடு டி5 மட்டும் போட்ட பிளாங்க் ஒன்று, டி5கூடப் போடாத பிளாங்க் ஒன்று.

இப்போது டி5. அந்தக் கடைசிக் குழாயைத் தவிர எல்லாக் குழாயும் இடது ரேக்கில் நிற்கட்டும். 50 மைக்ரோலிட்டர் போட்டதும் அந்தக் குழாய் வலது ரேக்குக்குப் போகட்டும். எதில் போட்டோம், எதில் போடவில்லை என்ற குழப்பத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. போடுபவரோடு அந்தப் பத்து நிமிடம் யாரும் பேசக்கூடாது. 50க்குப் பதில் 45 விழுந்தால் முடிவு 11% கூடும். இரண்டு தடவை விழுந்தால் பாதியாகும், அதாவது கெட்ட இறால் நல்லதாகிவிடும்.

அசிட்டோநைட்ரைல் பைப்பெட் நுனியிலிருந்து தானாகவே சொட்டும், உள்ளே ஆவி நிரம்பாததால். அதே கரைசலை மூன்று நான்கு தடவை இழுத்து விட்டு நுனியை நனைத்துக்கொண்டால் நின்றுவிடும். சந்தேகமாக இருந்தால் பத்து தடவை தராசில் விட்டு நிறுத்துப் பாருங்கள். 50 மைக்ரோலிட்டர் சுமார் 39 மி.கி. வரும், சிதறல் 1%க்குள் இருக்க வேண்டும். டி5 துளி குழாய்ச் சுவரில் தொங்காமல் சதையின் மேல் விழட்டும்.

அரை நிமிடம் வோர்டெக்ஸ், பிறகு 15 நிமிடம் சும்மா விடுங்கள். நேரமில்லை என்று தாண்டிப் போகிற படி இதுதான். குளத்தில் ஏறிய மருந்து சதைக்குள்ளே இருக்கிறது, நாம் ஊற்றிய டி5 வெளியே திரவத்தில் மிதக்கிறது. இரண்டும் கலந்து ஒரே நிலைக்கு வருவதற்கு முன் கரைப்பானை ஊற்றினால் டி5 சுலபமாக வெளியே வரும், மருந்து தங்கிவிடும், முடிவு குறையும். இது ரெக்கவரி சோதனையில் (போட்ட மருந்தில் எவ்வளவு திரும்ப வருகிறது என்று பார்ப்பது) தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே மருந்தையும் நாம்தான் வெளியிலிருந்து ஊற்றுகிறோம்.

எத்தில் அசிட்டேட் 10 மி.லி., 10 நிமிடக் குலுக்கல், 4000 ஜி வேகத்தில் 5 நிமிட சென்ட்ரிஃப்யூஜ். மேல் அடுக்கை எடுத்துவிட்டு இன்னொரு 10 மி.லி. ஊற்றி மறுபடி. இரண்டையும் சேர்த்து 40 டிகிரியில் நைட்ரஜன் ஊதி உலர்த்துங்கள். தண்ணீரும் மெத்தனாலும் 80:20 கலந்த 0.5 மி.லி.யில் கரைத்து, 1 மி.லி. ஹெக்சேன் விட்டுக் குலுக்கி, மேலே மிதக்கும் கொழுப்பு அடுக்கை எறிந்துவிட்டு, 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்துக் குப்பியில் விடுங்கள். முதல் 10 மி.லி.யில் மேல் அடுக்கை முழுதாக எடுக்க முடியாமல் கொஞ்சம் சிந்தினாலும் பதற வேண்டாம், இரண்டும் சேர்ந்தே சிந்தியது.

உலர்த்திய பிறகு, கரைக்கும் திரவத்திலேயே டி5ஐப் போட்டுவிட்டால் வேலை சுலபமாச்சே என்று தோன்றும். போட்டால் கருவிக்குள் நடக்கும் ஒடுக்கத்துக்கு மட்டும் அது சாட்சி. சதையில் தங்கியதும் எறிந்த அடுக்கோடு போனதும் அதற்குத் தெரியாது.

கருவியில்

சி18 காலம், 100 × 2.1 மி.மீ., தண்ணீரும் அசிட்டோநைட்ரைலும், நிமிடத்துக்கு 0.3 மி.லி., 10 மைக்ரோலிட்டர் ஊசி. எலெக்ட்ரோஸ்ப்ரே நெகட்டிவில் ஓட்டுவதால் ஃபார்மிக் அமிலம் வேண்டாம், சிக்னலைக் குறைக்கும். மருந்தின் 321 நிறை அயனியை உடைத்து வரும் துண்டுகளில் 152 அளவிட, 257 உறுதிப்படுத்த. டி5க்கு 326இலிருந்து 157.

326இலிருந்து 157 என்ற தேர்வுக்குக் காரணம் உண்டு. குளோரம்பெனிகாலில் இரண்டு குளோரின். இரண்டுமே கனமான குளோரின்-37 ஆக, ஒரு கார்பன்-13ம் சேர்ந்தால் சாதாரண மருந்தே 326இல் வந்து நிற்கும், முக்கியப் பீக்கில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். ஆனால் அது உடையும்போது குளோரின் இல்லாத துண்டு 152 அல்லது 153இல்தான் விழும், 157இல் விழாது. டி5 உடைந்தால் ஐந்து டியூட்டீரியமும் அந்தத் துண்டிலேயே இருப்பதால் 157. அடையாளம் தங்கும் துண்டைத் தேர்ந்தால் இப்படி இரண்டு பக்கமும் காவல்.

சல்ஃபாமெத்தசின் என்ற இன்னொரு மருந்தில் இந்தக் காவல் இல்லை. அதன் ஸ்டாண்டர்டில் அடையாளமாகப் போட்ட கார்பன்-13 ஆறும் பென்சீன் வளையத்தில் இருக்கின்றன. வழக்கமாக எடுக்கும் துண்டு 186, அந்த வளையத்தை உதறிவிட்டு வருவது. அதனால் மருந்து 279இலிருந்து 186, ஸ்டாண்டர்ட் 285இலிருந்து அதே 186. ஒன்றை அளந்து முடித்து அடுத்ததுக்குத் தாவும்போது மோதல் அறையில் மிச்சமிருக்கும் அயனி அடுத்தவர் கணக்கில் விழும். வேண்டுமானால் 156, 162 துண்டுகளை எடுக்கலாம், அங்கே அடையாளம் தங்குகிறது. எந்த மருந்தானாலும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்: மிக உயர்ந்த புள்ளி மருந்தை ஸ்டாண்டர்ட் இல்லாமல் ஊசியில் விடுங்கள், ஸ்டாண்டர்ட் இடத்தில் வருவது அதன் வழக்கமான பரப்பில் 5%க்குள் இருக்க வேண்டும். ஸ்டாண்டர்டை மட்டும் விடுங்கள், மருந்தின் இடத்தில் வருவது மிகக் குறைந்த புள்ளியில் 20%க்குள் இருக்க வேண்டும்.

டியூட்டீரியம் கூடக் கூட மூலக்கூறு காலத்தில் சற்று முன்னால் வெளியே வரும். டி5க்கு அது ஓரிரு நொடி. பெரும்பாலும் பாதகமில்லை, ஆனால் அந்த நொடியில்தான் இறாலின் ஏதோ ஒரு கூர்மையான பொருளும் வந்தால், ஒன்று ஒடுங்கும், மற்றது தப்பிக்கும், விகிதம் பொய் சொல்லும். கண்டுபிடிக்க, காலத்துக்குப் பின்னால் ஒரு T வடிவ இணைப்பு போட்டு மி.லி.க்கு 100 நானோகிராம் குளோரம்பெனிகாலை நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டர் வீதம் ஊசிப் பம்பில் தொடர்ந்து விடுங்கள். அதன் மேல் பிளாங்க் இறால் சாற்றை ஊசியில் விட்டால், நேராக ஓடும் கோடு எங்கெங்கே பள்ளம் விழுகிறதோ அங்கே ஒடுக்கம். பள்ளத்தின் சரிவில் உங்கள் பீக் நின்றால் கிரேடியன்ட்டை (கரைப்பான் கலவை மாறும் விதம்) மாற்றி நகர்த்துங்கள். கார்பன்-13, நைட்ரஜன்-15 போட்ட ஸ்டாண்டர்டுகளுக்கு இந்த நகர்வு கிடையாது. விலை கூடுதல்.

கணக்கும், அதற்கு முன் பார்க்க வேண்டியதும்

மருந்துப் பரப்பை டி5 பரப்பால் வகுத்து, 1/எக்ஸ் எடையோடு (குறைந்த புள்ளிகளுக்கு அதிக முக்கியத்துவம் தந்து) நேர்கோடு போடுங்கள். டி5 0.5 அளவில் இருப்பதால் சாய்வு 2க்குப் பக்கத்தில் வரும். வரவில்லையென்றால் இரண்டில் ஒரு கரைசல் தப்பு.

கணக்குக்கு ஓர் உதாரணம். மாதிரியில் மருந்து 8,400, டி5 30,000. விகிதம் 0.28. வெட்டுத்துண்டு 0.005, சாய்வு 2.0 என்றால், (0.28 − 0.005) ÷ 2.0 = 0.1375, அதாவது கிலோவுக்கு 0.14 மைக்ரோகிராம். இழப்பே இல்லாத சுத்தக் கரைப்பானில் அதே டி5 60,000 காட்டியிருந்தால், இங்கே பாதி காணாமல் போயிருக்கிறது. டி5 இல்லாமல் கரைப்பான் கேலிப்ரேஷனோடு ஒப்பிட்டிருந்தால் 0.07 என்று எழுதி அனுப்பியிருப்பீர்கள். எல்லைக்கு இவ்வளவு பக்கத்தில் வரும் முடிவை, இரண்டாவது பகுதி நிறுத்து மறுபடி எடுக்காமல் எழுத வேண்டாம். ஐரோப்பிய 2021/808 விதிப்படி 152, 257 துண்டுகளின் விகிதம் கேலிப்ரேஷனிலிருந்து 40%க்குள்ளும், டி5ஓடு ஒப்பிட்ட வெளிவரும் நேரம் 1%க்குள்ளும் இருந்தால்தான் அது குளோரம்பெனிகால்.

விகிதம் நன்றாக இருக்கிறது என்று டி5 பரப்பைப் பார்க்காமல் விடுவது பெரிய தப்பு. ஊசி வரிசைப்படி அதை ஒரு வரைபடமாகப் போடுங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் அயனி மூலம் அழுக்கேறுகிறது, கழுவ வேண்டும். ஒரே ஒரு குழாயில் மட்டும் சட்டென்று விழுந்திருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம்: மாதிரியின் ஒடுக்கம், அல்லது பைப்பெட் தவறு. பிரித்தறிய அந்தச் சாற்றை ஐந்து மடங்கு நீர்க்க வைத்து மறுபடி ஊசியில் விடுங்கள். டி5 சரியாக ஐந்தில் ஒன்றாகக் குறைந்தால், அதில் டி5 குறைவாகத்தான் விழுந்திருக்கிறது, புதிதாக நிறுத்து முதலிலிருந்து செய்யுங்கள். ஐந்தில் ஒன்றைவிட அதிகமாக வந்தால், ஒடுக்கம். விகிதத்தை நம்பலாம், பீக் இரைச்சலுக்கு மேல் தெளிவாக நின்றால். கேலிப்ரேஷன் சராசரியில் 50 முதல் 150% வரை என்ற வேலி பல இடங்களில் வழக்கம். வேலிக்கு வெளியே போனதை விளக்கம் இல்லாமல் அறிக்கையில் ஏற்றக்கூடாது.

கேலிப்ரேஷனின் மிக உயர்ந்த புள்ளியைத் தாண்டிய மாதிரி வந்தால், சாற்றை நீர்க்க வைத்துப் பயனில்லை. மருந்தும் டி5ம் சேர்ந்தே நீர்க்கும், விகிதம் அசையாது. 0.5 கிராம் மாதிரியை 4.5 கிராம் பிளாங்க் இறாலோடு சேர்த்து, வழக்கமான 50 மைக்ரோலிட்டர் டி5ஓடு முதலிலிருந்து பிரித்தெடுங்கள். கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் இருந்தது 0.4 ஆக, கோட்டின் நடுவில் வந்து உட்காரும். முடிவைப் பத்தால் பெருக்க மறக்காதீர்கள்.

மற்ற மருந்துகளுக்கு மாறும்போது

நைட்ரோஃபியூரான்களுக்கு எல்லை கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். மருந்து சதையில் நிற்காது, அதன் எச்சங்கள் புரதத்தோடு பிணைந்து கிடக்கும். 1 கிராம் சதை, 4 மி.லி. தண்ணீர், 0.5 மி.லி. 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 50 மில்லிமோலார் 2-நைட்ரோபென்சால்டிஹைடு 150 மைக்ரோலிட்டர், வெளிச்சம் படாமல் 37 டிகிரியில் 16 மணி நேரம். இங்கே ஸ்டாண்டர்டை ஏ.ஓ.இசட்.-டி4 போன்ற எச்ச வடிவிலேயே வாங்கி, அமிலத்துக்கு முன்பே போட வேண்டும். ஏற்கெனவே நைட்ரோபென்சால்டிஹைடோடு இணைத்து விற்கும் வடிவும் கிடைக்கும். அதைப் போட்டால் இரவு முழுக்க நடந்த வினை பாதியில் நின்றதா என்று சொல்ல ஆள் இருக்காது. அந்த எச்சங்களில் ஒன்றான செமிகார்பசைடு மட்டும் கூடுதலாக வந்தால் உடனே குளத்துக்காரரைக் குற்றம் சொல்லாதீர்கள். ஊடாங் காலா (நன்னீர்ப் பெரிய இறால்) போன்றவற்றின் ஓட்டிலேயே அது இயற்கையாக உண்டு. ஓடு ஒரு துணுக்குக்கூடச் சேராத சதையை மறுபடி எடுங்கள்.

சிப்ரோஃப்ளோக்சசின், என்ரோஃப்ளோக்சசின் உலோகத்தையும் கண்ணாடியையும் பிடித்துக்கொள்ளும். பாலிப்ரோப்பிலீன் குப்பி, கரைசலில் கொஞ்சம் அமிலம். சிப்ரோஃப்ளோக்சசினின் சாதாரண ஸ்டாண்டர்ட் ஹைட்ரோகுளோரைடு மோனோஹைட்ரேட்டாக வந்தால் எடையை 0.859ஆல் பெருக்க வேண்டும். இதை விட்டால் எல்லா முடிவும் 16% கூடி நிற்கும், எந்த ஐசோடோப்பும் திருத்தாது.

கோழிக்கு முப்பது நாற்பது மருந்தை ஒரே ஓட்டத்தில் அளக்கும்போது ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்டாண்டர்ட் வாங்க முடியாது. இரவல் கொடுக்கலாம். ஒரே குடும்பமா என்பதைவிட ஒரே நேரத்தில் வெளியே வருகிறதா என்பதைப் பார்த்துக் கொடுங்கள். இரவல் ஸ்டாண்டர்ட் ஒடுக்கத்தைத் திருத்துகிறதா கெடுக்கிறதா என்று குறைந்தது ஆறு வேறு வேறு கோழியில் போட்டுப் பாருங்கள். சில மருந்துக்கு ஸ்டாண்டர்ட் இல்லாமலே மேட்ரிக்ஸ் கேலிப்ரேஷன் (அதே சதையில் போட்டது) நன்றாக வரும்.

பெனிசிலின், மெரோபெனெம் மாதிரி பீட்டா-லாக்டம்களை மெத்தனாலில் வைக்காதீர்கள், வளையம் மெத்தனாலோடு சேர்ந்து உடைந்துகொண்டே இருக்கும். தண்ணீரும் அசிட்டோநைட்ரைலும் கலந்து, சிறு சிறு குப்பியாகப் பிரித்து மைனஸ் 80. மெரோபெனெம்-டி6க்கும் இதே விதி, சாட்சியும் அதே வேகத்தில்தான் கெடும். மெரோபெனெம் அளக்க அனுப்பும் நோயாளியின் இரத்தம் ஆய்வகத்துக்கு வரும் வழியில் சூட்டில் கிடந்து இழந்ததை அது திருத்தாது, அப்போது அது இன்னும் குழாய்க்குள் போகவில்லை. பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் மாதிரியானால் பிளாஸ்மாவைப் பிரித்து, உறையவைத்து, உலர்பனியில் அனுப்பச் சொல்லுங்கள்.

புதிய ஸ்டாண்டர்ட் தொகுதி வரப் பல வாரம் ஆகலாம். பழையது தீரும் முன் ஆர்டர் போட்டு, ஒரே பிளாங்க் இறாலில் 0.15 அளவில் ஆறு குழாய் பழைய தொகுதியோடும் ஆறு புதியதோடும் ஓட்டிப் பார்த்து, டி0 பீக்கையும் சாய்வையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.